சீனாவுக்குப் போக இவ்வளவு சுற்றா?

தெற்குச் சீனாவின் குவாங்சோ நகரில் நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சியைப் பல கட்டமாகப் பிரித்து நடத்துகிறார்கள்; ஒரு கட்டம் 5 நாள்தான். கடையைப் பூட்டிவிட்டுப் போகிறவனுக்கு அந்த 5 நாளும் தங்கம். ஆனால் போக வர ஆகிற நேரத்தை நினைத்தாலே வயிறு எரிகிறது.

வரைபடத்தைப் பாருங்கள். சென்னைக்கு வடகிழக்கே வங்கக் கடல், அதைத் தாண்டினால் பர்மா, அப்புறம் சீனா. நேராகப் பறந்தால் ஐந்தரை மணி நேரத்தில் போய்விடலாம். எனக்குக் கிடைத்த டிக்கெட்டோ கோலாலம்பூர் வழி. பூமத்திய ரேகைக்குப் பக்கம் வரை தெற்கே இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும்.

நள்ளிரவில் ஏறி விடிகாலையில் இறங்கினால், அடுத்த விமானம் மதியத்துக்கு மேல்தான். அதுவரை உட்காரக் கிடைப்பது இரும்பு நாற்காலி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைப்பிடி வைத்திருக்கிறார்கள், காலை நீட்டிப் படுக்கவே முடியாது. ஏசி குளிர் எலும்பில் இறங்குகிறது. கால் வீங்கி ஷூவுக்குள் நுழைய மறுக்கிறது.

சரி, போய்ச் சேர்ந்தாலாவது நிம்மதியா? அங்கே காலை 9:30-க்கு வாசல் திறக்கும்போது நம் ஊரில் மணி 7. தூங்காத கண்ணோடு அரங்கம் அரங்கமாக நடந்து விலை பேச வேண்டும்.

2020-இல் நின்ற இந்திய–சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் திரும்ப வந்தன. முதலில் கொல்கத்தா, அடுத்து டெல்லி. திருப்பூர், கோவை, சென்னை என்று இங்கிருந்தும்தான் எத்தனை வியாபாரிகள் போகிறோம்! கண்காட்சி தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலுமாவது சென்னையிலிருந்து நேராக ஒரு விமானம் விடக்கூடாதா?