பாலம் பார்க் இல்லை சாமி

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்ப விவரிக்கப் போவதில்லை. அமாவாசையன்று பாம்பன் பாலத்தில் காரை நிறுத்திப் படம் எடுத்த குடும்பத்தை மினி பஸ் டிரைவர் திட்டிவிட்டார். அவ்வளவுதான். மூன்று நாளாக "ராமேஸ்வரத்துக்காரனுக்குப் பண்பே இல்லை" என்று பாடம் நடத்துகிறார்கள். பாலத்தில் ஏன் வண்டியை நிறுத்தினாய் என்று கேட்க ஒருத்தர் இல்லை.

"ஓரமாகத்தானே நிறுத்தினோம்" என்கிறார்கள். எது ஓரம்? போக ஒரு வழி, வர ஒரு வழி, அப்புறம் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் கடல். 1988இல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ராமேஸ்வரம் தீவுக்குள் வண்டி வர வேறு வழி கிடையாது. நீங்கள் கதவைத் திறந்து இறங்கினால் பின்னால் வண்டிகள் அக்கரையில் மண்டபம் ஊர் வரைக்கும் நிற்கும். பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். இதைச் சொன்னால் பண்பு இல்லாதவன்!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரம் போக வேண்டும். நான் சொல்வது, புது ரயில் பாலம் கட்டி முடியாமல் தீவுக்கு ரயிலே வராத காலம். 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில்தான் திரும்ப வந்தது. தை அமாவாசையும் அவருடைய முறையும் ஒரே நாளில் வந்துவிட்டன. விடியற்காலையிலேயே ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு வேன், சுவரில் ஏறி நிற்கும் பிள்ளைகள், கீழே இருந்து "சிரி, சிரி" என்று ஒரு குரல். இறங்கிப் போய்க் கேட்டேன். "ரெண்டே நிமிஷம் தம்பி" என்றார். அவரைப் போல எத்தனை பேர் ரெண்டு நிமிஷம் கேட்டார்களோ. போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முறைக்கு வேறு ஆளைப் படுக்க வைத்திருந்தார்கள். இரவுதான் வீடு திரும்பினோம்.

நான் ஆட்டோவில் கத்திக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் கடலுக்குப் போன அப்பா சொன்னார், "விடுடா, கடலப் பாக்காத சனம்." அந்தப் பெருந்தன்மை எனக்கு வரவில்லை.

"போலீஸ் எங்கே போனது?" என்று கேட்கிறீர்கள். சரி, நியாயம்தான்.

"டிரைவர் பேசிய வார்த்தை சரியா?" சரியில்லை. ஆனால் பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"நாங்கள் வராவிட்டால் உங்களுக்குச் சோறு ஏது?" இதுதான் சுட்டது. லாட்ஜ்காரருக்கும் கடைக்காரருக்கும் உங்களால் வருமானம், மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் சோறு போட்டது வலை. பிடித்த மீனை ஐஸ் போட்டு வெளியூர் அனுப்ப எங்களுக்கும் இதே பாலம்தான். ஐஸ் உருகினால் யாரிடம் பண்பைப் பற்றிப் பேசுவது? திதி கொடுக்க வாருங்கள், இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஊரே உங்களுக்காகத்தான் இருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் போட்டோவில் பின்னால் மங்கலாகத் தெரிவது நாங்கள்தான்.

நானும் யோக்கியன் இல்லை. கப்பல் போகப் புது ரயில் பாலத்தின் நடுப்பகுதியை மேலே தூக்கியதைப் பார்க்க பைக்கை மெதுவாக்கியிருக்கிறேன். மெதுவாக்கினேன், நிறுத்தவில்லை. கடல்தான் வேண்டுமென்றால் பாம்பன் ஊருக்குள் இறங்குங்கள், கரையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள். இல்லையா, ரயிலில் வாருங்கள், இரண்டு பக்கமும் கடல்தான்.

அப்பா இந்தச் சண்டை எதையும் பார்க்கவில்லை. காலண்டரில் அடுத்த அமாவாசையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்கு முறை இருந்தால், முதல் நாள் ராத்திரியே ராமநாதபுரம் போய் அத்தை வீட்டில் படுத்துக்கொள்கிறாராம்.