கொம்பு நத்தையை உடைத்தே பார்க்க வேண்டும்

ஒட்டுண்ணிகளை ஆராயும் அமெரிக்க உயிரியலாளர் கெவின் லாஃபர்ட்டியின் ஆய்வு வாழ்க்கையைச் சொல்லும் கட்டுரை ஒன்று, மூளையில் ஒட்டுண்ணித் தட்டைப்புழு ஏறிய கில்லி என்ற சிறு மீன் பறவைக்கு 10 முதல் 30 மடங்கு எளிதில் இரையாகிறது என்ற 1996 ஆய்வோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கலிபோர்னியச் சதுப்புகளில் இத்தகைய தட்டைப்புழு தொற்றிய நத்தைகளை எண்ணிய கணக்குதான். அங்கு வாழும் கொம்பு நத்தையை நீரில் விட்டு, அதிலிருந்து வெளியே நீந்திவரும் செர்க்கேரியா என்ற தட்டைப்புழுவின் இளம்புழுக்களை மட்டும் பார்த்தால் தொற்று குறைவாகவே தெரியும். முதிராத தொற்றில் புழு வெளிவராது. நத்தையின் ஓட்டை உடைத்து, இனப்பெருக்கச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தட்டைப்புழு அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு நத்தையை மலடாக்கியிருக்கும். இப்படி எண்ணி எடைபோட்டுத்தான், ஒட்டுண்ணி ஆய்வாளர் ஆர்மண்ட் குரிஸும் லாஃபர்ட்டியும் இருந்த குழு 2008இல் அந்த முடிவுக்கு வந்தது: மூன்று கழிமுகங்களில், ஆண்டுதோறும் நீரில் கலக்கும் இந்த இளம்புழுக்களின் எடை அங்குள்ள பறவைகளின் எடையைவிட அதிகம்!