எந்தப் பியானோ வைத்திருக்கிறாய்?

பியானோ பயில்கிறேன் என்று யாராவது வாய் திறந்தால் போதும், மேற்கத்தியச் செவ்விசை ஆர்வலர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வோர் கேட்கும் முதல் கேள்வி, என்ன வாசிக்கிறாய் என்பதன்று. வீட்டில் இருப்பது அசல் பியானோவா, வெறும் மின்னணுக் கீபோர்டா என்பதுதான். மன்னார்குடி மாணவி ஒருத்தி, விரலால் அழுத்தும் கட்டைகள் 61 உள்ள கீபோர்டில், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் பிரிலூட் என்னும் சிறு இசைத்துண்டு ஒன்றைப் பழகிக்கொண்டு, இடக்கையில் விரலை எங்கே மாற்றுவது என்று எங்கள் வட்டாரப் பெரியவர்களிடம் கேட்டாள். ஒருவரும் விடை சொல்லவில்லை. "முதலில் 88 கட்டை உள்ள நல்ல பியானோவாக வாங்கம்மா" என்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்கள் வேதமாகப் போற்றும், பாக்கின் 'வெல் டெம்பர்ட் கிளேவியர்' என்ற இசைத் தொகுப்பின் முதல் தொகுதி 1722ஆம் ஆண்டுக்குரியது; பாக் அதைப் பியானோவுக்கென்று எழுதவே இல்லை. பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியங்களான ஹார்ப்சிகார்டிலும் கிளாவிகார்டிலும் வாசிக்கப்பட்ட அந்த இசை நான்கு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுவதால், அந்தப் பெண்ணின் கீபோர்டில் ஒரு ஸ்வரமும் விடுபடாது. 88 கட்டை என்ற கணக்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைபெற்றது. கட்டையில் கனம் இல்லாவிட்டால் விரல் வலுப்பெறாது என்பது உண்மைதான். அதை விரலுக்கு விடை சொல்லிவிட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அசல் பியானோ வாங்கச் சொல்பவர்கள் டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகையைப் பார்த்ததே இல்லையா? பியானோவின் கம்பி அதிர்வைப் பெருக்கும் ஒலிப்பலகை மரத்தாலானது, ஈரம் ஏறினால் உப்பிச் சுருதியைத் தூக்கும், கோடையில் வறண்டு இறக்கும். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் கம்பியும் துருப்பிடிக்கும். இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளுக்குச் சுருதி கூட்ட ஆள் வேண்டுமானால் சென்னையிலிருந்துதான் அழைக்க வேண்டும். அவருக்குப் பயணச்செலவும் கொடுத்து, அடுத்த மழையில் மறுபடியும் அழைக்க வேண்டும். இதற்கெல்லாம் பணம் யார் தருவது?

அடுத்தது கிரேடு, அதாவது படிப்படியாக எழுதும் மேற்கத்திய இசைத் தேர்வு. எட்டாம் கிரேடு முடித்தவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம். பீத்தோவனின் 'ஃபியூர் எலிஸ்' வாசிப்பவனைக் கண்டால் ஓர் இளக்காரச் சிரிப்பு. சிரிக்கிறவரை அதன் நடுப்பகுதியை வேகம் குலையாமல் வாசித்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள், அவசர வேலை வந்துவிடும்.

இத்தனையும் எந்த மண்ணில்? இரண்டாம் சரபோஜி தஞ்சை அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்த மண்ணில். திருவாரூர் தீட்சிதர் குடும்பத்துப் பாலுசுவாமி, ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குப் பழக்கினார்; வந்த கருவியை நம் கைக்கு ஏற்ப வளைத்துக்கொண்ட ஊர்க்காரர்கள், இன்று ஒரு கீபோர்டைத் தீட்டாகப் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் தஞ்சையில் கூடியபோது, இளைஞர்கள் யாரும் வருவதில்லையே என்று இவர்களே அங்கலாய்த்தார்கள். காரணம் என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை; ஜெர்மன் பியானோ உயர்ந்ததா, ஜப்பானியப் பியானோ உயர்ந்ததா என்ற வழக்கு அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது.