டெக்சஸ் இருண்டதற்குப் பனி மட்டுமா காரணம்?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் கடும் குளிரில் மின்சாரமின்றி இருண்டதை, அதைப் பற்றி வந்த ஒரு கட்டுரை 'யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம்' என்று சொல்வது சரியல்ல. 2011 பிப்ரவரியிலும் அங்கே குளிரில் மின்சாரம் போனது. மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்துங்கள் என்று மத்திய அமைப்புகள் அப்போதே அறிக்கை கொடுத்தன. அன்று அது கட்டாயம் இல்லையே, யார் செலவழிப்பார்கள்? கூத்து என்னவென்றால், சுமையைக் குறைக்க மின்சாரத்தை வெட்டியபோது எரிவாயு எடுக்கும் இடங்கள் சிலவற்றுக்கும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். எரிவாயு வராமல், அதில் ஓடும் மின்நிலையங்கள் மேலும் படுத்தன.

மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் குளிரில் விறைத்துப் போனவர்கள். சிலர் கதகதப்புக்காக மூடிய காரேஜில் காரை ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுப் புகையில் இறந்தார்கள். அந்தக் கட்டுரையோடு 'குளிரைச் சமாளிக்கப் பத்து வழிகள்' என்று பெட்டிச் செய்தி போட்டவர்கள், அதே புகை தரும் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டாதீர்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.