ஒரே ஊர் குரூப், ஐந்து நாட்டுச் சட்டம்

பென்னாகரமோ ஊத்தங்கரையோ, எந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பிலும் துபாயில் வேலை பார்ப்பவர் ஒருவர், அமெரிக்காவில் இருப்பவர் ஒருவர் இல்லாமல் இருக்காது. "பேச்சுரிமை இருக்கு, தைரியமா எழுதுங்க" என்று அமெரிக்காக்காரர் சொல்வார். அவர் இருக்கும் ஊருக்கு அது சரி. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1969 தீர்ப்புப்படி, உடனடியாகச் சட்டமீறல் நடக்க வேண்டும் என்றே தூண்டி, அது நடக்கவும் வாய்ப்பிருந்தால்தான் அங்கே தூண்டுதல் பேச்சுக்காக ஒருவரைத் தண்டிக்க முடியும். துபாயில் இருப்பவர் இதை நம்பி யாரையாவது திட்டி எழுதினால், 2021-ஆம் ஆண்டு சைபர் சட்டத்தில் அபராதமே இரண்டரை லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. ஜெர்மனியில் யூத இனப்படுகொலை நடக்கவில்லை என்று பொதுவெளியில் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை.

நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பேச்சுரிமையைக் கொடுக்கிறது, 19(2) எட்டுக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்துகிறது. 'பொது ஒழுங்கு' என்ற காரணம் முதலில் அதில் கிடையாது. ஒரு பத்திரிகைக்குச் சென்னை மாகாண அரசு போட்ட தடையை 1950-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தைத் திருத்தி அதைச் சேர்த்தார்கள். பாப்பாரப்பட்டியில் நினைவிடம் உள்ள சுப்பிரமணிய சிவாவை 1908-ல் சிறைக்கு அனுப்பிய ராஜத்துரோகப் பிரிவு, அந்தப் பெயர் இல்லாமல் இன்று புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ஸில் பிரிவு 152 ஆக நிற்கிறது. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

ஆனால் ஊரில் சாதாரண ஆளை மிரட்டப் பயன்படுவது அதே சட்டத்தின் பிரிவு 356, அவதூறு. 2 ஆண்டு வரை சிறை. இங்கிலாந்தில் அவதூறு 2010-லேயே குற்றப் பட்டியலிலிருந்து போய்விட்டது. சிவில் வழக்கிலும் சொன்னது உண்மை என்று காட்டினால் போதும். இங்கே உண்மையாக இருந்தாலும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். ரேஷன் கடைக்காரரைப் பற்றி "20 கிலோ அரிசிக்கு 18 கிலோதான் போட்டார்கள்" என்று தேதியும் எடைபோட்ட படமும் வைத்து எழுதினால் நிற்கும். "அந்த ஆள் குடிகாரன்" என்று ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு வரிக்காகவே கோர்ட்டுக்கு அலைய நேரும். நஷ்டஈடு கேட்க சிவில் கோர்ட் இருக்கும்போது இதற்கு ஜெயில் எதற்கு? 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் பழைய வடிவம் செல்லும் என்றது. அது தவறான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

அவதூறுக்கு ஸ்டேஷனில் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். வழக்கை எடுக்கும் முன் உங்களையும் கேட்க வேண்டும். காவிரித் தண்ணீர் பிரச்சினையில் கன்னடர்களைத் திட்டி ஓசூரிலிருந்து எழுதும் பதிவு வேறு கதை. அது பி.என்.எஸ். பிரிவு 196, இரு பிரிவினரிடையே பகை வளர்ப்பது, 3 ஆண்டு வரை. எந்த ஊர் ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம் என்ற ஜீரோ எஃப்.ஐ.ஆர். வந்த பிறகு, எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகாவின் அத்திப்பள்ளியில் இருந்தும் புகார் வரலாம். ஆனாலும் எஃப்.ஐ.ஆருக்கு முன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்த, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3) இடம் தருகிறது. பேச்சு, எழுத்து வழக்குகளில் போலீஸ் இந்த வழியைப் பின்பற்றுவதே சரி என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

போனில் "ஸ்டேஷனுக்கு வா" என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், வந்தால் தவறாமல் போங்கள். பயந்துபோய்ப் பதிவை அழிக்காதீர்கள். அழித்தால் எதிராளி வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் மிஞ்சும். ஃபேஸ்புக் பதிவு என்றால் மற்றவர் பார்க்காதபடி மாற்றிவிட்டு, தேதி, நேரம், கீழே வந்த கமெண்ட் எல்லாம் தெரிகிற மாதிரி முழுசாகச் சேமித்து வக்கீலிடம் கொடுங்கள்.