பொதுவில் கேளுங்கள், முழுதாகக் கேளுங்கள்

மலேசியாவில் நம் தமிழர் முகநூல் குழுக்களில் ஒரே நாளில் வந்து விழும் கேள்விகளைப் பாருங்கள். "ஏர்கோன் தண்ணி ஒழுகுது, யாராவது உதவுங்க." "மகன் எஸ்பிஎம் முடிச்சிட்டான், என்ன படிக்க வைக்கலாம்?" "லேப்டாப் ரொம்ப ஸ்லோ, என்ன செய்ய?" கீழே இறங்கினால் "ஃபாலோ", "எனக்கும் இதே பிரச்சினைதான்", "பி.எம் (தனிச்செய்தி) பண்ணுங்க அண்ணா" என்று இருபது பதில். விடை ஒன்றுகூட இல்லை.

விவரம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? கிடையாது. பினாங்கின் பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் வருடக்கணக்கில் இயந்திரம் பார்த்தவர்கள் இந்தக் குழுக்களில்தான் இருக்கிறார்கள். செந்தூலிலும் கிள்ளானிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கணக்காளர்கள், தாதியர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்கள் வாய் திறக்காததற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. ஒற்றை வரிக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் முதலில் ஐந்து கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும். அதற்குப் பதில் வர இரண்டு நாளாகும், சில சமயம் வராமலே போகும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கைப்பேசியை எடுக்கும் மனிதர் அதற்கு எங்கே மெனக்கெடுவார்? திருப்பிக் கேட்கவே தேவையில்லாதபடி கேட்பதுதான் பொருத்தமான கேள்வி.

ஏர்கோனையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் ஒழுக நாலைந்து காரணம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அறை நன்றாகவே குளிர்கிறது, ஆனாலும் சொட்டுகிறது என்றால் பெரும்பாலும் வடிகால் குழாயில் பாசியும் அழுக்கும் அடைத்திருக்கும். குளிர்ச்சி குறைந்திருக்கிறது, செப்புக் குழாயில் வெள்ளையாக ஐஸ் பிடித்திருக்கிறது, நிறுத்திய பிறகு தண்ணீர் கொட்டுகிறது என்றால் கதை வேறு. ஃபில்டரிலோ உள்ளே இருக்கும் குளிர்சுருளிலோ (காயில்) அழுக்கேறிக் காற்று போகாமல் இருக்கலாம், அல்லது கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்திருக்கலாம். புதிதாக மாட்டிய நாளிலிருந்தே ஒரு பக்கம் மட்டும் சொட்டினால் மட்டம் சரியில்லாமல் மாட்டியிருப்பார்கள்.

ஆகவே கேள்வியை இப்படி எழுதலாம்: "ஸ்தாப்பாக்கில் கொண்டோ வீடு. 1 எச்பி ஏர்கோன், இன்வெர்ட்டர் இல்லாதது, ஆறு வருடம் பழையது. போட்டு அரை மணி நேரம் கழித்து இடது மூலையில் சொட்டுகிறது. குளிர்ச்சி முன்பு போலவே இருக்கிறது, குழாயில் ஐஸ் இல்லை. போன வாரம் ஃபில்டரைக் கழுவினேன், மாற்றமில்லை. கெமிக்கல் வாஷ் செய்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. வடிகால் குழாய் சுவருக்குள் போகிறது. இதை நானே சுத்தம் செய்ய முடியுமா, ஆள் கூப்பிட வேண்டுமா?" தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். துறை தெரிந்தவர் படித்த உடனே, அடைப்பு வடிகாலில்தான், குழாயின் வெளி முனையில் வேக்கூம் வைத்து உறிஞ்சிப் பாருங்கள் என்று இரண்டே வரியில் சொல்லிவிடுவார்.

கேஸ் பற்றிக் கேட்பவர்கள் வெளிப்பக்க யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து எந்த வகைக் கேஸ், ஆர்32-ஆ, ஆர்410ஏ-வா என்று எழுதுங்கள். கடைசியாக எப்போது கேஸ் ஏற்றினார்கள் என்பதையும் எழுதுங்கள். கேஸ் தானாகத் தீர்ந்து போகிற பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் ஏற்றுவது காசைக் கரியாக்குவது. "டாப்-அப் எவ்வளவு?" என்று விலை மட்டும் கேட்டால், விலை மட்டும்தான் பதிலாக வரும்.

இது பெரும்பாலானவர்கள் செய்கிற தவறு. மனதுக்குள் ஒரு தீர்வை முடிவு செய்துவிட்டு அந்தத் தீர்வைப் பற்றிக் கேட்பது. "8 ஜிபி ரேமை 16 ஆக்க எவ்வளவு ஆகும், லோ யாட்டில் எந்தக் கடை மலிவு?" என்று ஒருவர் கேட்கிறார். ஆளுக்கொரு கடை சொல்கிறார்கள். லோ யாட் இருக்கும் புக்கிட் பிந்தாங் வரை போய்க் காசைக் கொடுத்து மாட்டிக்கொண்டு வருகிறார். லேப்டாப் அப்படியே ஆமை வேகத்தில்தான் ஓடுகிறது, ஏனென்றால் உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். "விண்டோஸ் திறக்கவே நாலு நிமிடம் ஆகிறது, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நிற்கிறது, மெமரி 50-ஐத் தாண்டவில்லை" என்று அறிகுறியை எழுதியிருந்தால், எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) மாற்றுங்கள் என்று ஆளாளுக்கு அதையே சொல்லியிருப்பார்கள். மெமரி 90-க்கு மேல் நின்றால்தான் ரேம் பேச்சு. அதிலும் மெல்லிய மாடல்கள் சிலவற்றில் ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்றவே முடியாது. அதனால்தான் மாடல் எண் கேட்கிறார்கள். லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், அப்படியே பார்த்து எழுதுங்கள். அறிகுறியை முதலில் சொல்லுங்கள், நீங்கள் நினைத்த தீர்வை அதன் பிறகு சொல்லுங்கள்.

கண்ணில் தெரிவதை உள்ளபடி எழுதுவதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்குத் தமிழ் எழுத்துச் சிக்கலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கோயில் நிர்வாகத்தினரும் அடிக்கடி கேட்பது: "ஃபைல் திறந்தா தமிழ் சரியா வரலை, உதவி தேவை." எப்படிச் சரியாக வரவில்லை? எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் அது பெரும்பாலும் யூனிகோடு (இன்றைய பொது எழுத்து முறை) ஆவணம், உங்கள் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கண்டபடி வந்தால், அது பாமினி, டிஸ்கி, டாப் போன்ற பழைய முறை ஒன்றில் தட்டச்சு செய்தது. யூனிகோடு எழுத்துரு எத்தனை நிறுவினாலும் மாறாது, எந்த முறை என்று கண்டுபிடித்து எழுத்துமுறை மாற்றி (கன்வெர்ட்டர்) ஒன்றில் போட்டு மாற்ற வேண்டும். பிடிஎஃப்-இல் பார்க்க ஒழுங்காக இருந்து, நகலெடுத்து ஒட்டும்போது மட்டும் "கொடி" என்பது "ெகாடி" என்று வந்தால் அது மூன்றாவது வகை. கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துக்கு முன்னால் பதிவாகியிருக்கிறது. மூன்றுக்கும் மூன்று வழி, "சரியா வரலை" என்ற சொல் மட்டும் ஒன்றே. அப்படி வருகிற ஒரு வரியை நகலெடுத்துக் கேள்வியிலேயே ஒட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் சேர்த்துவிடுங்கள். படம் மட்டும் போட்டால் உதவ நினைப்பவர் அந்த வரியை மாற்றியில் போட்டுப் பார்க்க முடியாது.

பிழைச் செய்திகளுக்கும் இதுதான் விதி. "என்னமோ எர்ரர் காட்டுது" என்று எழுதினால் மற்றவர் ஊகிக்கத்தான் வேண்டும். திரையில் இருக்கும் சொற்களையும் எண்ணையும் ஒன்றுவிடாமல் தட்டச்சு செய்யுங்கள். பின்னால் அதே பிழை வருகிறவர் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடுவார்.

படிப்பு பற்றிய கேள்விக்கு வருவோம். எத்தனை ஏ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தப் பாடத்தில் என்ன கிரேடு என்று எழுத வேண்டும். மலாய்மொழியும் வரலாறும் தேர்ச்சி பெற்றால்தான் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) சான்றிதழே கிடைக்கும். கிரெடிட் (நல்ல தேர்ச்சி) என்பது சி-யும் அதற்கு மேலும். கூடுதல் கணிதம் எடுத்தாரா, எடுத்து டி-யா சி-யா என்பதிலேயே பொறியியல் பக்கம் போகலாமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அரசாங்க உயர்கல்விக்கூட இடத்துக்கு யூபியு என்ற பொது விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிப்பதானால் மெரிட் (தகுதி) மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம், ஆகவே புறப்பாட மதிப்பெண்ணையும் எழுதுங்கள். வருடத்துக்கு வீட்டால் எவ்வளவு தாங்கும், பிள்ளை வெளியூரில் தங்குமா, பிள்ளைக்கு எதில் ஆசை? கடைசிக் கேள்விக்கு அம்மா அப்பா பதில் எழுதாமல் பிள்ளையையே எழுதச் சொல்வது நல்லது.

"பினாங்கில் எங்கே நல்ல வாழை இலைச் சாப்பாடு?" போன்றவை அரட்டைக்குச் சரி. 2008-இல் நிரலாளர்களுக்காகத் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில், ஆளுக்கொரு கருத்து மட்டுமே வரக்கூடிய கேள்வியை மூடிவிடுவார்கள். கண்டிப்பு அதிகம் என்று பலருக்கு அந்தத் தளத்தின் மேல் கோபம். ஆனாலும் ஒரு பிழைச் செய்தியைத் தேடினால் பல வருடத்துக்கு முந்தைய விடை அங்கே தெளிவாகக் கிடைப்பதற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பதிவில் ஒரு கேள்வி, கேட்பதற்கு முன் குழுவின் தேடல் பெட்டியில் இரண்டு சொல் போட்டுப் பார்ப்பது, இந்த இரண்டு இருந்தாலே நிறைய மாறும்.

தேடிக் கிடைத்த பழைய விடையின் தேதியைக் கட்டாயம் பாருங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எடுப்பது பற்றி 2022-இல் ஒருவர் நல்ல மனதோடு எழுதிய விளக்கம் இன்று ஆளைக் குழப்பும். அப்போது இரண்டு கணக்கு, சேரும் பணம் 70-க்கு 30 விழுக்காடாகப் பிரியும். 2024 மே 11 முதல் 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மூன்று கணக்கு: பெர்சாராஆன் 75, செஜாத்ரா 15, ஃபிளெக்சிபெல் 10 விழுக்காடு. மூன்றாவதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 ரிங்கிட். "பழைய பதிவைப் படித்தேன், அது மாற்றத்துக்கு முந்தையது, இப்போது எப்படி?" என்று கேட்டால் தேடிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும், பதில் சொல்பவருக்கும் மனம் வரும்.

முழு விவரம் கொடுங்கள் என்றதும் அடையாள அட்டை எண் தெரியும் கடிதத்தை அப்படியே படமெடுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். பாதியை மறைத்தால் மீதிப் பாதி பேசும். பன்னிரண்டையும் மறையுங்கள். கைப்பேசியில் மார்க்கர் தூரிகையால் தேய்த்தால் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு எண் தெரிந்துவிடும். அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள், அல்லது முழுக் கறுப்புக் கட்டம் வையுங்கள்.

குழுவில் கேட்கவே கூடாதவையும் உண்டு. மருந்து எத்தனை மில்லி என்பது மருத்துவரிடமோ மருந்தகத்திலோ கேட்க வேண்டியது. ஏமாற்றுக்காரர் கணக்குக்குப் பணம் போய்விட்டதென்றால் "யாராவது உதவுங்க" என்று எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே வங்கிக்கும் 997-க்கும் (தேசிய மோசடி பதிலளிப்பு மையம்) அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுத்தால்தான் உண்டு.

பி.எம் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. சொந்த விவரம் இருந்தால் தனியே பேசுங்கள், அது நியாயம். வடிகால் அடைப்புக்கும் எழுத்துருவுக்கும் எதற்கு ரகசியம்? தனியே சொன்ன விடை தவறாக இருந்தால் திருத்த அங்கே இன்னொருவர் இல்லை. விற்பனை முகவர்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் அந்தத் தனியறைதான் வசதி. "பி.எம் பண்ணுங்க" என்று ஒருவர் எழுதினால், "இங்கேயே சொல்லுங்கள் அண்ணா, மற்றவர்களுக்கும் பயன்படும்" என்று மரியாதையாகப் பதில் போடுங்கள். விடை தெரிந்தவர் அங்கேயே எழுதிவிடுவார்.

விடை கிடைத்து வேலை முடிந்ததும் பதிவை அழிக்காதீர்கள், சொன்னவர்களின் உழைப்பும் அதோடு போகும். பதிவைத் திருத்தி மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "தீர்ந்தது. வடிகால் குழாய் அடைப்பு. வெளி முனையில் வேக்கூம் வைத்து உறிஞ்சியதும் சரியானது." சொன்ன வழி பலிக்காவிட்டால் அதையும் எழுதுங்கள், எந்தக் கட்டத்தில் நின்றது என்பதோடு. அப்போதுதான் அடுத்து பதில் சொல்பவர் அதற்கு அடுத்த காரணத்திலிருந்து தொடங்க முடியும்.