"காட்டுப் பீஸ்" கேக்கறவங்களுக்கு

நேத்து காலையில ஒரு செடி குரூப்புல போட்டோ ஒண்ணு வந்துச்சுங்க. சணல் சாக்கு வாய் திறந்து கெடக்குது, உள்ள முழுக்க ஆர்க்கிட். மரப்பட்டையோட சேத்து உரிச்சிருக்காங்க, வேரெல்லாம் கிழிஞ்சு நடுவுல நரம்பு தெரியுது, ரெண்டு மூணுல மொட்டு வேற. கீழ "ஒரிஜினல் காட்டுப் பீஸ், பத்து செடி ஆயிரம், கூரியர் உண்டு"ன்னு போட்டிருந்தாங்க. எனக்கு வேணும் எனக்கு வேணும்னு வரிசையா கமெண்ட். காட்டுல இருந்து பிடுங்கறது குத்தங்க, வாங்காதீங்கன்னு நான் ஒரு வரி போட்டேன், மத்தியானத்துக்குள்ள என்னைய குரூப்புல இருந்து தூக்கிட்டாங்க. ராத்திரியெல்லாம் அதே வெசனம். அதான் இங்க எழுதறேன், நீளமாத்தான் இருக்கும்.

நானும் வாங்குனவதான். பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி, மலை ரோட்டோரம் ஒருத்தர் சாக்கு விரிச்சு வெச்சிருந்தாரு, நூத்தம்பது ரூவா குடுத்து ஒரு நரிவால் ஆர்க்கிட் வாங்கியாந்து பொடக்காளி மாமரத்துல கட்டுனேன். மே மாசம் பூத்துச்சு பாருங்க, ஒரு முழத்துக்கு சரம் தொங்குது, வெள்ளையில ரோஸ் புள்ளி புள்ளியா. ஒறம்பறையெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. அஸ்ஸாம்ல பிஹு நோம்பிக்கு பொம்பளப் புள்ளைங்க தலையில வெக்கற பூ இதுதான்னு படிச்சு, நானும் மகளுக்கு வெச்சு போட்டோ எடுத்தேன். அடுத்த கோடையில இலை சுருங்க ஆரம்பிச்சுது, என்ன பண்ணியும் நிக்கல, செத்துப் போச்சு. இலையிலயும் தண்டுலயும் சேத்து வெச்சிருந்த சத்துல பூத்திருக்கு, என் மரத்துல புது வேர் ஒண்ணுகூட விடலைன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. வேர் பட்டையோட பட்டையா ஒட்டியிருக்கும்ங்க, கிழிக்காம எடுக்கவே முடியாது.

எங்க அப்பிச்சி தோட்டத்துல மாமரத்துல இந்த மாதிரி எது இருந்தாலும் புல்லுருவின்னு சொல்லி வெட்டி எறிஞ்சிருவாரு. புல்லுருவி மரத்துக்குள்ள வேர விட்டு உறிஞ்சற செடி, அது வேற. ஆர்க்கிட் மரத்துல சும்மா உக்காந்திருக்கும், அவ்வளவுதான். மழைத்தண்ணி, பனி, பட்டையில சேர்ற தூசி, இதுல பொழைச்சுக்கும். தோட்டத்து மரத்துல பாத்தீங்கன்னா தயவுசெஞ்சு விட்டுருங்க.

விதை விசயம் இன்னும் பெருசு. ஒரு காய்ல லட்சக்கணக்குல விதை இருக்கும், ஆனா ஒவ்வொண்ணும் தூசி மாதிரி, முளைக்கறதுக்கு உள்ள கட்டுச்சோறு கிடையாது. நெல்லுக்குள்ள அரிசி இருக்குதுல்ல, அந்த மாதிரி எதுவுமே இல்ல. பட்டையில ஒரு பூஞ்சை இருந்து அது ஊட்டுனாத்தான் முளைக்கும், லட்சத்துல ஒண்ணு ரெண்டு தேறுனா அதிகம், பூக்கறதுக்கு வருசக்கணக்காகும். ஒரு சாக்குல அம்பது செடி போச்சுன்னா அந்த மரத்துல மறுபடி அம்பது வரும்னு எந்தக் கணக்குல சொல்றீங்க?

இந்தக் கிறுக்கு இன்னைக்கு வந்தது இல்ல. 1850-ல ஹூக்கர்னு ஒரு வெள்ளக்காரர் மேகாலயாவுல இருக்கற காசி மலைக்குப் போயி நீல வாண்டாங்கற ஆர்க்கிட்ட ஏழு ஆள் சுமை எடுத்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்புனாரு, அதுல கொஞ்சந்தான் உசுரோட போய்ச் சேந்துச்சு. அவரு பெரிய தாவர அறிஞர், அவருக்கே அந்தக் கதி, கூரியர் டப்பாவுல வர்ற செடி என்னாகும்? நம்ம அகஸ்தியமலையில 1865-ல கர்னல் ட்ரூரி கண்ணுல பட்டுச்சு ஒரு மஞ்சள் செருப்பு ஆர்க்கிட், பாபியோபெடிலம் ட்ரூரியை. மேல் இதழ்ல நடுவுல ஒரு கருங்கோடு ஓடும். உலகத்துல அந்த மலைத்தொடர விட்டா வேற எங்கயும் கிடையாது. சேகரிக்கறவங்க அள்ளி அள்ளியே ஒரு காலத்துல காட்டுல இனி இல்லைன்னே நினைச்சுட்டாங்க, அப்பறம் கொஞ்சம் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. வியட்நாம்ல இதே சாதியில ஒரு செடிக்கு 1999-ல தான் பேரே வெச்சாங்க, அடுத்த சில வருசத்துக்குள்ள காட்டுல தொடச்சு எடுத்துட்டாங்க. பேரு வெச்ச மை காயலைங்க.

2002-ல பெரு நாட்டுல ரோட்டோரக் கடையில ஒரு அமெரிக்கக்காரர் அதுவரைக்கும் பேரே வெக்காத ஒரு ஆர்க்கிட் வாங்கி பொட்டியில போட்டு ஃபுளோரிடா கொண்டுபோனாரு. அங்க செல்பி தாவரத் தோட்டத்துல அவரு பேரையே அதுக்கு வெச்சாங்க, கோவாச்சியை. கடைசில அவரும் அந்தத் தோட்டமும் கோர்ட்ல குத்தத்த ஒத்துக்கிட்டாங்க. நானும் ரோட்டோரந்தானே வாங்குனேன்னு படிக்கையில நெஞ்சுல குத்துச்சு.

சரி, சட்டம் என்ன சொல்லுது. அழியற நிலையில இருக்கற செடி, விலங்கு வியாபாரத்த நாடுகளுக்கு நடுவுல கட்டுப்படுத்தற சைட்ஸ் ஒப்பந்தம் 1975-ல இருந்து உலக அளவுல அமல்ல இருக்கு. ஆர்க்கிட் குடும்பம் மொத்தமும் அதுக்குள்ள வருது, ட்ரூரி மாதிரி பாபியோபெடிலம் சாதி செருப்பு ஆர்க்கிட் எல்லாம் ரொம்ப கண்டிப்பான முதல் பட்டியல்ல. நம்ம நாட்டு வனவிலங்குச் சட்டம் 1972-ல வந்துச்சு, செடிக்குன்னு தனி அத்தியாயம் 1991 திருத்தத்துலதான். அப்ப பட்டியல்ல இருந்தது ஆறே ஆறு: பெட்டோம் சைகஸ்ங்கற பனை மாதிரி செடி, நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்பு ஆர்க்கிட், கோஷ்டம்னு சொல்ற மருந்துச்செடி, பூச்சி புடிக்கற குடுவைச்செடி. நம்ம ஆனைமலையில மரத்துக்கு மரம் தொங்கற நரிவால் அதுல இல்லையேன்னு அந்த குரூப்புல ஒருத்தர் வாதம் பண்ணாரு. ஏனுங்க, சரணாலயத்துக்குள்ள எந்தச் செடிய பிடுங்குனாலும் குத்தந்தான், ரிசர்வ் ஃபாரஸ்ட்லயும் அதே கதைதான். 2022 திருத்தம் சைட்ஸ் பட்டியலையும் நம்ம சட்டத்துக்குள்ள கொண்டு வந்துருச்சு, பொதுவான தண்டனையே மூணு வருசம் ஜெயில், ஒரு லட்சம் அபராதம் வரைக்கும் போகும்.

எனக்கு இந்தச் சட்டத்துல ஒரு ஆதங்கம் இருக்கு. மாட்டறது மரம் ஏறுன பையன். அவனுக்கு ஒரு செடிக்கு பத்து இருவது கெடைச்சிருக்கும். நூறு நூறா குடுத்து கூரியர்ல வாங்கி, ரேர் கலெக்சன்னு போட்டோ போடறவங்க வீட்டு வாசல்ல யாரும் நிக்கறதில்ல. அதே நேரம் பட்டியல்ல இருக்கற செடிய முறையா வளக்கணும்னு நினைக்கற நர்சரிக்காரருக்கு லைசென்ஸ் வேணும். தப்பு இல்ல, வேணுந்தான், ஆனா அந்த வழி சுலபமா இருந்தாத்தான் லேப் செடி மலிவா கடைக்கு வரும், காட்டுச் செடி விலை போகாது.

ஏன்னா வழி இருக்குங்க. 1922-லயே நட்சன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி பூஞ்சையே இல்லாம சர்க்கரைக் கூழ்ல ஆர்க்கிட் விதைய முளைக்க வெச்சுட்டாரு. நூறு வருசமாச்சு. ஒரே காய்ல இருந்து பாட்டில் பாட்டிலா ஆயிரக்கணக்குல நாத்து எடுக்கலாம். கோபியிலயும் சத்தியிலயும் ஜி9 வாழை போடறவங்களக் கேளுங்க, டிஷ்யூ கல்ச்சர் நாத்துதான் வேணும்னு கேட்டு வாங்குவாங்க, நோய் இல்லாம ஒரே சீரா வருதுன்னு. வாழைக்கு லேப் நாத்து உசத்தி, ஆர்க்கிட்டுக்கு மட்டும் லேப் நாத்துன்னா மட்டமா? காட்டுல இருந்து வந்தாத்தான் "ஒரிஜினல்"னு யாரு சொல்லிக் குடுத்தாங்க? ரெண்டும் ஒரே சாதி, ஒரே பூ. லேப் செடி நம்ம சட்டியில வேர் விட்டு வளந்திருக்கும், காட்டுச் செடி என் மாமரத்துல செத்த மாதிரி சாகும்.

இப்ப எங்கிட்ட இருக்கற நரிவால் பாட்டில்ல இருந்து வந்த நாத்து. விரல் நகம் அளவுல வந்துச்சு, பொள்ளாச்சி தேங்கா மட்டைத் துண்டும் கரியும் போட்ட சட்டியில, ஆறு வருசம் காத்திருந்தேன், போன சித்திரையில மொத சரம். பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி பூத்தது நீளந்தான், இது சின்னதுதான், ஆனா இதப் பாக்கறப்ப மனசு உறுத்தல.

ட்ரூரி செருப்பு ஆர்க்கிட்ட படத்துல மட்டுந்தான் பாத்திருக்கேன். அது எங்க இருக்குன்னு இன்பாக்ஸ்ல கேக்காதீங்க, தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன். ஆர்க்கிட் பாக்கணும்னு ஆசைப்பட்டா ஏற்காட்டுல பொட்டானிக்கல் சர்வேக்காரங்க தேசிய ஆர்க்கிட் தோட்டம் வெச்சிருக்காங்க, புள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க.

ஆடிக்காத்துல கெளை முறிஞ்சு ஆர்க்கிட்டோட விழுந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு பேரு கேட்டிருந்தீங்க. காட்டுக்குள்ளன்னா தொடாதீங்க. உங்க தோட்டத்துலன்னா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம, பக்கத்துல நிக்கற மரத்துலயே, சொரசொரப்பான பட்டையாப் பாத்து, அரை நெழல்ல கட்டி விடுங்க. நைலான் கயிறு வேண்டாம், தேங்கா நார்க் கயிறு போதும், வேர் புடிக்கறதுக்கும் நார் மக்கறதுக்கும் சரியா இருக்கும்.